கத்திக் கிடந்த பிரேக் விளக்கு

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமைக் காலை. குமுளியில் நான் கணக்கு எழுதும் ஏலக்காய்க் கடையின் முன்னால் காரை நிறுத்தி இறங்கினேன். எனக்குப் பின்னாலேயே மலையேறி வந்த ஜீப்பின் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "சேச்சி, பின்னில் பிரேக் லைட் கத்திக் கிடக்குந்நுண்டு."

மலையாளத்தில் கத்துவது என்றால் எரிவது. பதினோரு ஆண்டுகளாகத் தேனி மாவட்டக் கூடலூருக்கும் கேரள எல்லையிலுள்ள குமுளிக்கும் தினமும் போய்வருகிறேன். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். ஆனாலும் தமிழ்க் காதில் முதலில் விழுவது கூச்சல்தான். காரைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சாவி என் கையில் இருக்கிறது, எஞ்சின் நின்றுவிட்டது, பிரேக்கை யாரும் மிதிக்கவில்லை. இரண்டு சிவப்பு விளக்குகளும் முழு வெளிச்சத்தில் எரிகின்றன. மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை ஒவ்வொரு வளைவிலும் நான் பிரேக் போட்டதும் போடாததும் அந்த ஜீப்காரருக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. மழையில், மூடுபனியில், அவர் என் விளக்கை நம்ப முடியாமல் தன் ஊகத்தை நம்பி வந்திருக்கிறார்.

விளக்கு மட்டும்தான் கோளாறு என்றால் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை. அதை அணைக்க நடந்த முதல் பழுதுபார்ப்பு அதைவிட ஆபத்தான ஒன்றை உண்டாக்கிவிட்டது. இரண்டுக்கும் காரணம் கட்டைவிரல் நீளமுள்ள ஒரே சுவிட்ச். மலைப்பாதையில் கார் ஓட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

கார் 2006-ஆம் ஆண்டின் சிறிய வண்டி, 800 சிசி. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம். பிரேக் விளக்குக்கு வரும் மின்சாரம் சாவியைக் கேட்பதில்லை. பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேரே சுவிட்சுக்கு வந்து காத்திருக்கிறது. பல்ப் ஒன்றுக்கு 21 வாட், இரண்டுக்கும் 42. 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. நன்றாக இருக்கும் பேட்டரியே பத்து மணி நேரத்தில் வற்றிவிடும்; என்னுடையது மூன்று வயதானது. அதனால் அன்று பகல் முழுவதும் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தேன். மாலையில் முனையை மாட்டிக்கொண்டு, விளக்கு எரிந்தபடியே இறங்கி, பள்ளத்தாக்கில் ஒரு பட்டறையில் காட்டினேன்.

அங்கே வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பையன் ஒருவன் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தான், எதையோ விரலால் திருகினான், விளக்கு அணைந்தது. மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. மழை வலுத்துக்கொண்டிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை கார் கொஞ்சம் கனமாக ஓடுவதுபோல் இருந்தது. கூடலூரைத் தாண்டியதும் வரும் சமதளத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கமாக வண்டி வழுக்கிக்கொண்டு போகும், அன்று போகவில்லை. ஈரச் சாலை என்று நினைத்தேன். புதன்கிழமை மாலை இறங்கும்போதுதான் புரிந்தது. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் ஆறேழு கிலோமீட்டர். முன்னால் வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரிகளின் வரிசை, மிதித்து மிதித்து இறங்க வேண்டியிருந்தது. மாதா கோவில் வளைவைத் தாண்டும்போது கருகிய வாடை. முன்னால் போகிற லாரியின் வாடை என்று எண்ணினேன். இரைச்சல் பாலத்துக்கு வந்தபோது பிரேக் பெடல் கல்போல் இறுகிவிட்டது. பாதத்தை வைத்த உடனே வண்டி உதறி நிற்கிறது. லோயர் கேம்ப்பில் ஓரம் கட்டினேன். இறக்கமான இடம், நியூட்ரலில் இருக்கிறது, ஹேண்ட் பிரேக் போடவில்லை, ஆனாலும் கார் நகரவில்லை. முன்சக்கரத்துக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது.

2022 டிசம்பரில் இந்தப் பாதையில்தான் சபரிமலையிலிருந்து திரும்பிய கார் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து எட்டு ஐயப்ப பக்தர்கள் இறந்தார்கள். அந்த இடத்தைத் தினமும் இரண்டு முறை கடக்கிறேன். அன்று சாலையோரத்தில் நின்றபோது கை நடுங்கியது உண்மை.

லோயர் கேம்ப்பில் என் அம்மாவின் தம்பி இருக்கிறார். வேலையாட்களை ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிப்போகும் ஜீப்புகளை நாற்பது ஆண்டுகள் பழுது பார்த்தவர். இப்போது முழங்கால் மடங்காது. மாமா வந்து சக்கரத்தைப் பார்த்தார், வாடையை முகர்ந்தார். "தண்ணீர் ஊற்றிவிடாதே தாயி. சூட்டில் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். தானாக ஆறட்டும்" என்றார். நாங்கள் டீ குடித்தோம். முக்கால் மணி நேரம் கழித்து வண்டியைத் தள்ளி அவருடைய பழைய கொட்டகைக்குக் கொண்டுபோனோம்.

சக்கரம் பிடித்துக்கொண்டால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரைத்தான். மாமா அப்படிப் போகவில்லை. வலது முன்சக்கரத்தின் காற்று நீக்கும் நிப்பிளில் சிறிய ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினார். பெடலை யாரும் தொடவில்லை. ஆனாலும் பிரேக் ஆயில் பீச்சி அடித்தது. கையால் சக்கரத்தைச் சுற்றினார், சுற்றியது. இடது பக்கமும் அப்படியே. அவர் சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "கேலிப்பர் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஆயிலை விட்டாலும் சக்கரம் விடாது. இங்கே ஆயில்தான் உள்ளே மாட்டிக்கொண்டு அழுத்துகிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் ரப்பர் ஓஸ் குழாயில் அடைப்பு. இரண்டு பக்கமும் என்றால் மேலே, உன் காலுக்குப் பக்கத்தில் பார்."

பெடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், ஆயில் தொட்டிக்குப் போகிற ஊசிமுனை அளவு துளை ஒன்று உண்டு. பெடல் முழுவதும் மேலே வந்து ஓய்வாக இருக்கும்போது மட்டுமே அது திறந்திருக்கும். பிரேக் போட்டுச் சூடேறினால் ஆயில் விரியும். விரிந்தது அந்தத் துளை வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும். பெடல் ஓரிரண்டு மில்லிமீட்டர் அழுந்தியே இருந்தால் உள்ளே பிஸ்டன் துளையை மூடிக்கொள்கிறது. விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. அது பிரேக் பட்டைகளை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்துகிறது. உரசல் இன்னும் சூட்டை உண்டாக்குகிறது. சூடு இன்னும் ஆயிலை விரிக்கிறது. சமவெளியில் வண்டி கனமாக ஓடுவதாகத் தெரியும், அவ்வளவுதான். மலை இறக்கத்தில் இதே கோளாறு ஆயிலைக் கொதிக்க வைக்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். அதற்குப் பிறகு மிதித்தால் பெடல் தரையைத் தொடும், பிரேக் இருக்காது.

அப்படியானால் பெடலை அழுத்திப் பிடித்திருப்பது எது?

"நீயே படுத்துப் பார் தாயி, என் கால் மடங்காது" என்றார் மாமா. ஓட்டுநர் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, சாக்கை விரித்து, இருக்கையின் மேல் கால்களையும் கீழே மிதியடி மேல் தலையையும் வைத்து மல்லாந்து படுத்தேன். இந்த வேலையில் மிகச் சிரமமான பகுதி இதுதான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன். பிரேக் பெடலின் ரப்பர் தகட்டிலிருந்து அதன் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போக வேண்டும். அந்தக் கை ஓர் அச்சில் தொங்குகிறது. அச்சுக்குச் சற்றுக் கீழே, பெடலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் மரையுள்ள உருளை ஒன்று பெடலை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. வாலில் இரண்டு ஒயர்கள் வந்து சேரும் சாக்கெட். முனையில் பட்டாணி அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் ஊசி. இதுதான் பிரேக் விளக்கு சுவிட்ச். சில கார்களில் கிளட்ச் பெடலுக்கும் இதேபோல் ஒன்று இருக்கும். பிரேக் பெடலைக் கையால் அசைத்து, எது கூடவே அசைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

சுவிட்ச் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. பெடல் ஓய்வில் இருக்கும்போதுதான் ஊசி அழுத்தப்படுகிறது. அழுத்தப்பட்டால் மின்சாரம் அறுபடும், விளக்கு அணையும். காலை வைத்ததும் பெடல் விலகுகிறது, ஊசி சுருள்வில்லின் வேகத்தில் வெளியே வருகிறது, விளக்கு எரிகிறது. ஆகவே சுவிட்ச் பெடலிலிருந்து விலகிப் போனால் விளக்கு எப்போதும் எரியும். பெடலை நெருங்கி வந்தால் விளக்கு தாமதமாக எரியும். இன்னும் நெருங்கினால் ஊசி முழுவதும் உள்ளே போய்விடும்; மரையுள்ள உருளையே பெடலில் முட்டி அதைத் தள்ளத் தொடங்கும்.

என் காரில் நடந்தது முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் இருக்கிறது. சுவிட்சை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் லாக் நட்டு ஆண்டுக்கணக்கான அதிர்வில் தளர்ந்து, சுவிட்ச் தானாகப் பின்னுக்குச் சுற்றிப் போயிருந்தது, விளக்கு அணையவில்லை. பட்டறையில் அதை விளக்கு அணையும்வரை திருகி, அணைந்த பிறகும் இரண்டு சுற்றுத் திருகிவிட்டார்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்: வெள்ளை ஊசியே கண்ணுக்குத் தெரியவில்லை. மரையின் விளிம்பு பெடலின் தகட்டில் பதிந்து, பெயின்ட்டில் பிறைபோல் ஒரு வடு விழுந்திருந்தது. லாக் நட்டு இறுக்கப்படவே இல்லை. விரலால் தொட்டதும் சுழன்றது.

முதலில் காலின் அழுத்தத்துக்கு வலு சேர்க்கும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடத்தைத் தீர்க்க, எஞ்சின் நின்ற நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதித்தேன். அடுத்து சாக்கெட்டைக் கழற்றினேன். கழற்றாமல் சுவிட்சைச் சுற்றினால் ஒயர் முறுக்கிக்கொண்டு உள்ளே அறுந்துவிடும். சாக்கெட்டைக் கழற்றுவது ஒரு சோதனையும்கூட. விளக்கு எந்நேரமும் எரிகிற வண்டியில் இதைக் கழற்றியதும் அணைந்தால் கோளாறு சுவிட்சிலோ அதன் நிலையிலோதான். அணையாவிட்டால் ஒயர் வேறெங்கோ உரசிக்கொண்டிருக்கிறது. விளக்கு எரியவே எரியாத வண்டியில், கழற்றிய சாக்கெட்டின் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பார்க்கலாம். எரிந்தால் சுவிட்சை மாற்ற வேண்டும், எரியாவிட்டால் பியூஸையும் பல்பையும் பார்க்க வேண்டும்.

14-ஆம் எண் ஸ்பானரால் லாக் நட்டைப் பின்னுக்கு விட்டு, சுவிட்சை இடப்பக்கமாகச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே பெடல் என் நெற்றிக்கு மேலே "டக்" என்று ஒரு சிறு ஒலியோடு மேலெழுந்தது. மூன்று நாட்களாக அழுந்திக் கிடந்த பெடல். கொட்டகை வாசலில் நின்ற மாமா பம்பரில் ஒரு கையை வைத்துத் தள்ளினார். கார் தடையில்லாமல் உருண்டது. "விட்டுவிட்டது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி அளவு. என் காரின் கையேடு சொல்வது இது: பெடலைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்த நிலையில், சுவிட்சின் மரை முடியும் விளிம்புக்கும் பெடலின் தகட்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். வெள்ளை ஊசி அந்த இடைவெளியைத் தாண்டித் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாமாவிடம் இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் இருந்தது, ஆனால் அதன் தகடு நேரானது. ஊசி நடுவில் நிற்பதால் உள்ளே போகவில்லை. பணப்பையில் காலாவதியான ஏ.டி.எம். அட்டை ஒன்று இருந்தது. இந்த அட்டைகள் எந்த வங்கியுடையதாக இருந்தாலும் தடிமன் 0.76 மில்லிமீட்டர்; உலகமெங்கும் ஒரே அளவு. அரைக்கும் ஒன்றுக்கும் நடுவில் சரியாக உட்காருகிறது. கத்தரியால் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் முனையில் ஊசி நுழையும்படி கவட்டைபோல் ஒரு வெட்டு வெட்டினேன். ஊசியை நடுவில் விட்டு அந்தக் கவட்டை இரண்டு பக்கமும் அழகாகப் போய் அமர்ந்தது.

"பெடலை நன்றாக மேலே இழுத்துப் பிடி" என்றார் மாமா. இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கை விரல்களால் சுவிட்சை உள்ளே சுற்றினேன். அட்டைத் துண்டு லேசாகப் பிடிபடுகிற இடத்தில் நிறுத்தினேன். இழுத்தால் உரசிக்கொண்டு வர வேண்டும், நசுங்கக் கூடாது. சுவிட்ச் எட்டுச் சுற்றுக்குப் பத்து மில்லிமீட்டர் நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து முன்பே அளந்திருந்தேன். அதாவது ஒரே சுற்றில் ஒன்றேகால் மில்லிமீட்டர். கையேடு தரும் இடம் முழுவதும் அரைச் சுற்றைவிடக் குறைவு. பட்டறையில் போன இரண்டு சுற்று எவ்வளவு தூரம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லாக் நட்டை இறுக்கும்போது சுவிட்சும் கூடவே சுற்றப் பார்க்கும். என் முதல் முயற்சியில் அப்படித்தான் கால் சுற்று ஓடிவிட்டது. அட்டை உள்ளே போகவில்லை. மறுபடியும் தளர்த்தி, சுவிட்சின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இறுக்கினேன். சிறிய மரை இது. ஸ்பானரை நடுவில் பிடித்து மணிக்கட்டால் இறுக்கினால் போதும், தோளின் பலம் வேண்டாம். இறுக்கிய பிறகு அட்டையை மறுபடியும் விட்டுப் பார்க்க வேண்டும். நான் மூன்று முறை பார்த்தேன்.

நிப்பிள்களை இறுக்கி, தொட்டியில் குறைந்த பிரேக் ஆயிலை நிரப்பி, குழாயில் புகுந்த காற்றை எடுத்த பிறகு விளக்கைச் சோதித்தோம். இருட்டிவிட்டது. கொட்டகையின் பின்சுவர் வெள்ளையடித்தது. காரைப் பின்னுக்கு எடுத்து அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். உதவிக்கு ஆள் இல்லாதவர்களுக்கு இதுவே நல்ல வழி: கண்ணாடியில் பார்த்தால் சுவர் சிவந்து தெரியும். பெடலை விரலால் தள்ளினேன். எதிர்ப்பில்லாத ஓரிரு மில்லிமீட்டர் போயிற்று, அதுதான் பெடலின் சும்மா ஆட்டம். அது இல்லாவிட்டால் உள்ளே துளை மூடியிருக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். பிரேக் பிடிக்கும் கனம் விரலுக்குத் தெரிவதற்கு முன்பே சுவர் சிவந்தது. விட்டேன், அணைந்தது. பெடலைப் பக்கவாட்டில் தட்டினேன், குழியில் விழுந்ததுபோல் காரைக் குலுக்கினேன், சுவர் இருட்டாகவே இருந்தது.

பிரேக் பிடிப்பதற்கு முன்பே விளக்கு எரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கிறது. வேகம் குறைவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது, ஏனென்றால் விளக்கு எரிவதில்லை. அதனால் வளைவுக்கு முன்னால் பெடலின் மேல் பாதத்தை லேசாக வைத்து எடுப்பேன். வண்டி பிரேக் பிடிக்காது, விளக்கு மட்டும் ஒரு முறை சொல்லும். மணிக்கு 30 கிலோமீட்டரில் கார் ஒரு வினாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறது. விளக்கு அரை வினாடி பிந்தினால் நான்கு மீட்டர். மூடுபனியில் ஒரு ஜீப்புக்கும் என் பம்பருக்கும் நடுவில் இருப்பதே சில நாட்களில் அவ்வளவுதான். பெடலின் அந்த முதல் அசைவு எனக்கானதல்ல, பின்னால் வருகிறவருக்கானது.

மாமாவின் ஜீப்புகளில் இந்தத் தொல்லை கிடையாது. பழைய ஜீப்பிலும் அம்பாசிடரிலும் பிரேக் விளக்கு சுவிட்ச் பெடலில் இல்லை. ஆயில் குழாயில் இருக்கும், ஆயில் அழுத்தத்தால் வேலை செய்யும். திருகிச் சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. கெட்டால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் அழுத்தம் ஏறிய பிறகே அது எரியும் என்பதால் பெடல் சுவிட்சைவிடச் சற்றுப் பிந்தும். புதிய கார்கள் பலவற்றில் நட்டே கிடையாது: பெடலைக் கீழே அழுத்திப் பிடித்து, சுவிட்சைத் துளையில் நுழைத்துக் கால் சுற்றுத் திருப்பி, பெடலை மெதுவாக விட்டால் ஊசி தானே தன் அளவை எடுத்துக்கொள்ளும். அந்த வகையை ஒரு முறை கழற்றினால் மறுபடியும் மாட்டாமல் புதிதாகப் போடுவதே நல்லது என்பது மாமாவின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அப்படிப்பட்ட கார்களில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் எஞ்சின் கணினியும்கூட இந்தச் சுவிட்சின் சொல்லைக் கேட்டுத்தான் நடக்கின்றன.

அன்றிரவே கூடலூர் வரை மெதுவாக ஓட்டிவந்து, வீட்டு வாசலில் நான்கு சக்கரங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பு. வியாழக்கிழமை காலை ஏறினேன், மாலை இறங்கினேன். கார்த்திகை பிறந்தால் மேலே போகிற ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக அனுப்பி, திரும்புகிறவற்றை இந்தப் பாதையில் இறக்குவார்கள். பிறகு மகரவிளக்கு முடியும்வரை பின்னால் யாரும் இல்லாமல் இறங்கும் மாலை ஒன்றுகூடக் கிடைக்காது.

இரைச்சல் பாலத்துக்கு மேலே உள்ள வளைவில் பின்னால் ஒரு ஜீப் ஒட்டிக்கொண்டு வந்தது, தோட்டத்தில் ஆள் ஏற்றி வரும் வண்டி. வளைவுக்கு இருபது மீட்டர் இருக்கும்போது பாதத்தை வைத்து எடுத்தேன். கண்ணாடியில் அந்த ஜீப்பின் இரண்டு முகவிளக்குகளும் சட்டென்று தாழ்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப் பின்தங்கின. அட்டைத் துண்டு டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி மறுபடியும் விட்டுப் பார்ப்பேன்.